மஞ்சள் தண்ணீரில் போன படம்

உங்களுக்கும் இப்போது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ நடந்துகொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் பின்பக்கம் புடைத்த பெரிய மானிட்டர் இருந்திருக்கும். அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்திருப்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். என் கணவரிடம் இரண்டு முறை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என் அண்ணனிடம் ஓர் உண்மையைச் சொன்னேன். சொன்னது சரியா என்று இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்வதற்கு முன், பன்னிரண்டு வயதில் நான் ஓர் அறைக்குள் பதினாறு நாள் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் வடக்கனந்தலில் இருந்தோம். அப்பா கரும்பும் மரவள்ளியும் பயிர் செய்தார். வீட்டின் மேற்குப் பக்கத்தில் தனி வாசல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. விதை மூட்டை வைப்பதற்காகக் கட்டியது. அண்ணன் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. வேப்பம் பிண்ணாக்கு வாசனை மட்டும் கடைசி வரை அந்த அறையை விட்டுப் போகவில்லை.

அண்ணன் தன் நண்பனிடமிருந்து ஒரு கேமை சிடியில் காப்பி எடுத்து வந்திருந்தான். கார் ஓட்டுவதோ சுடுவதோ இல்லை. அதில் நாம் ஒரு சினிமா ஸ்டுடியோ நடத்த வேண்டும். செட் கட்ட வேண்டும், நடிகர்களைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவரையும் மவுசால் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் செட்டில் போட வேண்டும். அவர்கள் காற்றில் காலை உதைத்துக்கொண்டு வருவார்கள். காட்சிகளைக் கோத்தால் உண்மையாகவே ஒரு சின்னப் படம் வரும். படத்தை வெளியிட்டால் விமர்சகர்கள் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவார்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள், எல்லாம் தொப்பி, எல்லாம் குதிரை. அண்ணனுக்கு அது விளையாட்டாகவே இல்லை. அவனுக்குச் சினிமாப் பைத்தியம். கையில் கேமரா இல்லாத ஒருவனுக்கு அந்தப் பெட்டிதான் கேமரா.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் நான் பெரியவளானேன். அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சடங்கு விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என்னை நடுவீட்டுக்குள் நுழையவிடாமல் நேராக மேற்கு அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாசற்படியில் குறுக்கே உலக்கை. நிலையில் வேப்பிலை. ஆண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலுக்கு அம்மாவின் பழைய புடவையைக் கட்டினார்கள்.

அண்ணன் சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொள்கிறேன் என்றான். அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“உள்ள போனது போனதுதான்டா. பதினாறு நாளு கழிச்சிதான் வெளிய வரும். அவளா இருந்தாலும் சரி, பொட்டியா இருந்தாலும் சரி.”

“அத்த, அது கரண்ட்ல ஓடுற மிஷினு. அதுக்கு இன்னா தீட்டு?”

“அதுக்குத் தீட்டுன்னு யாருடா சொன்னா? தீட்டு இருக்கற வூட்டுல அது இருக்குதுல்ல?”

அண்ணன் திரும்பிப் போய்விட்டான். ஆனால் அவனுக்கு அவசரம் இருந்தது. கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குச் சென்னையில் ஓர் உதவி இயக்குநரைத் தெரியும். “பத்து நிமிஷத்துக்கு ஏதாச்சும் ஒன்னு பண்ணி சிடில போட்டுக் குடுடா, காட்டிட்டு வரேன்” என்று சொல்லியிருந்தார். அவர் சென்னைக்குக் கிளம்புவது என் பதினாறாம் நாளுக்கு மறுநாள். பிரவுசிங் சென்டர் மெஷின்களில் அந்த கேம் ஓடாது. ஓடுகிற ஒரே பெட்டி என்னோடு உள்ளே இருந்தது.

மறுநாள் காலையில் புடவைக்கு வெளியே குரல் கேட்டது.

“பாப்பா… பொட்டிய ஆன் பண்ணு.”

“அத்த திட்டும்ண்ணா.”

“அத தொடாதன்னு உன்கிட்ட சொன்னாங்களா?”

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் எதையும் தொடாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்த அறைக்குள் இருப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆன் செய்தேன்.

இப்படித்தான் அந்தப் படம் ஆரம்பித்தது. அண்ணன் ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி நிற்பான். அந்தச் சந்தில் நிழலே கிடையாது. தலையில் துண்டைப் போட்டுக்கொள்வான். சாணி நாற்றம், ஈ. அவன் என்னையும் பார்க்க முடியாது, திரையையும் பார்க்க முடியாது. வாயால் மட்டும் சொல்வான். நான் உள்ளே செய்வேன்.

கதை இதுதான். நேர்மையான ஓர் இன்ஸ்பெக்டர் சாராய ஊறலை அழிக்கக் கல்வராயன் மலை ஏறுகிறார். அங்கே கூட்டத் தலைவன் அவருடைய சொந்தத் தம்பி. கடைசியில் பாறை விளிம்பில் சண்டை. மலைக்கு அந்த கேமில் செட் இல்லை, அதனால் கௌபாய் பாலைவனம்தான் கல்வராயன் மலை. ஊறல் பானைக்குப் பதில் மரப் பீப்பாய்.

“இன்ஸ்பெக்டர குதிர மேல போடு.”

“போலீஸ் குதிரைல போவாங்களாண்ணா?”

“மலைல ஜீப்பு போவாது. போடு சொல்றன்.”

“போட்டேன்.”

“வில்லன் எங்க நிக்கிறான்?”

“பீப்பா பக்கத்துல.”

“சுடு. சேவ் பண்ணு. கரண்ட்டு போயிடப் போவுது.”

அத்தை இரண்டு முறை வந்து விரட்டினார். “வயசுப் பொண்ணு இருக்கற ரூம்பாண்ட உனக்கு இன்னாடா வேல?” “காலேஜ் வேல அத்த, பொட்டில இருக்குது” என்பான். காலேஜ் என்ற வார்த்தைக்கு அப்போது எங்கள் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. அத்தை முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவேன். உளுந்தங்களி தொண்டையில் நின்றாலும் மிச்சம் வைக்க மாட்டேன். முதல் நான்கு நாள் அண்ணன் சொன்னதையும் அப்படியே செய்தேன்.

ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டராக நடிக்கிறவன் கோபித்துக்கொண்டான். அந்த கேமில் நடிகர்களை அதிகம் வேலை வாங்கினால் கேரவனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள், வரவே மாட்டார்கள். வெளியே அண்ணன், “மலை ஏறச் சொல்லு, மலை ஏறச் சொல்லு” என்கிறான். ஏற ஆள் இல்லை. கூட்டத்தில் நிற்கிற துணை நடிகை ஒருத்தி இருந்தாள். சிவப்புப் பாவாடை, பெயர்கூடக் கிடையாது. அவளைத் தூக்கிப் பாலைவனத்தில் போட்டு நடக்கச் சொன்னேன். நடந்தாள். நன்றாகவே நடந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

“ஏறிட்டானா?”

“ஏறிட்டான்ண்ணா.”

அதுதான் முதல் பொய். அடுத்த நாள் அவளைப் பனி செட்டில் நடக்க விட்டேன். அதற்கடுத்த நாள் நகரத் தெரு, ஆஸ்பத்திரி, கப்பல் மேல்தளம். நான் பாயிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து பாய் வரைக்கும் நடக்கலாம். ஏழு அடி. மூலையில் இருந்த பல்லியையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தப் பெண் ஒவ்வோர் இடமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் வெளியே சண்டை சொல்லிக்கொண்டிருப்பான். “குத்து, முதுவுல குத்து.” “குத்திட்டேன்.” “வுழுந்தானா?” “வுழுந்துட்டான்.” உள்ளே அவள் நடந்துகொண்டிருப்பாள். இன்ஸ்பெக்டரை வைத்து எடுத்த நான்கு நாள் காட்சிகளையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இன்று மாற்றினால்கூட அவன் படத்தை முடித்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன். குரல் கேட்டதும் வாய் தானாக “சரிண்ணா” என்று சொல்லும்.

பதினான்காம் நாள் வெளியிடச் சொன்னான். வெளியிட்டேன். விமர்சகர்கள் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவன் கத்தினான்.

“எத்தன ஸ்டாரு?”

“நாலர.”

“எத்தினிக்கி?”

“அஞ்சிக்கி.”

அந்த ஒன்றில் நான் பொய் சொல்லவில்லை. நாலரைதான் வந்திருந்தது. வெளியே அண்ணன் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. நான் விரலை மடக்கி நாளை எண்ணினேன். பதினாறாம் நாள் மத்தியானம் தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை வெளியே அழைப்பார்கள். அதன் பிறகு அண்ணன் உள்ளே வந்து திரையைப் பார்ப்பான். சிவப்புப் பாவாடையைப் பார்ப்பான். ஸ்டுடியோக்காரர் அடுத்த நாள் சென்னைக்குப் போகிறார். மாற்றி எடுக்க நேரமே இருக்காது.

இங்கேதான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். நான் இருபது வருடமாக இந்த அரை மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காலை அண்ணன் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தான். எங்கள் பெட்டியில் சிடி எழுத முடியாது. அதற்கு ஒரு டிரைவை யாரிடமோ கேட்டு வாங்கி வரப் போயிருந்தான். அத்தை அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் கலக்கி அறைக்கு வந்தார். நான் பயன்படுத்திய பாயையும் தட்டையும் வெளியே போடச் சொன்னார். சுவருக்குத் தெளித்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

“ஏன்டி, இந்தப் பொட்டிய தொட்டியா?”

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போயிருப்பார். பத்து நாளாக அண்ணனிடம் பொய் சொன்னவள், அத்தையிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“தொட்டேன் அத்த.”

“எல்லாத்தியுமா?”

“எல்லாத்தியும்.”

அம்மா தயங்கி, “அண்ணி, அதுக்குத் தெளிச்சா போதாதுங்களா?” என்றார்.

“தெளிக்கறது தொடாததுக்கும்மா. தொட்டத கழுவணும். அரகொறையா வுட்டா நாளைக்கு அவ தலையிலதான் வந்து நிக்கும்.”

ஒயரையெல்லாம் பிடுங்கினார். கீபோர்டையும் மவுசையும் அண்டாவில் முக்கினார். பெட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்து, மேல் ஓட்டை வழியாக ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வந்தது. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டார். அதில் அவர் மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த பொருள் எல்லாம் கழுவினால் சுத்தமாகிற பொருள்தான். பிறகு கழுவிய பாத்திரங்களோடு அதையும் வெயிலில் கவிழ்த்து வைத்தார். நான் நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயமும் நிம்மதியும் சேர்ந்து வந்தால் அது எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்.

மத்தியானம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, காய்ந்துவிட்டது என்று அப்பாதான் அதை மாட்டி சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம். வீட்டு ஃபியூஸும் சேர்ந்து போனது. ரப்பர் தீய்ந்த நாற்றத்துக்கு நடுவில் அண்ணன் உள்ளே வந்தான். கையில் அந்த டிரைவ், செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தது.

“இன்னா அத்த பண்ணி வச்சிருக்கீங்க?”

“சுத்தம் பண்ணி வச்சிருக்கறன்டா. அவதான் தொட்டேன்னு சொன்னா.”

அவன் என்னைப் பார்த்தான். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். நான் பட்டுப்பாவாடையும் மாலையுமாக நின்றேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கீபோர்டை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினான். மஞ்சள் தண்ணீர் சொட்டியது. தட்டிக்கொண்டே இருந்தான். டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டிஸ்க்கோடு சேர்த்து எல்லாம் கருகிவிட்டது, ஒன்றையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஸ்டுடியோக்காரர் சென்னைக்குப் போய்வந்தார். அண்ணன் படிப்பை முடித்துவிட்டு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். இப்போது சொந்தமாக வீடியோ எடுக்கிறான். கல்யாணம், காதுகுத்து, அதிகமாக மஞ்சள் நீராட்டு விழா. டிரோன் வைத்திருக்கிறான். சின்னசேலம் வரைக்கும் அவனுக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் எந்த விசேஷ வீட்டிலும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது கேட்டால் போதும், கதையை ஆரம்பித்துவிடுவான். “பதினாறு நாளு வெயில்ல நின்னு ஒரு படம் எடுத்தன் மாமா. கண்ணால பாக்காமயே எடுத்தன். நாலர ஸ்டாரு. எங்க அத்த ஒரு சொம்பு மஞ்சத்தண்ணில முடிச்சி வுட்டுச்சி.” எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு என் பக்கம் திரும்புவான். “இவதான் பாத்த ஒரே ஆளு. சொல்லு பாப்பா, கிளைமாக்ஸ் எப்பிடி இருந்துச்சி?”

நான் சொல்வேன். வில்லன் பாறையிலிருந்து விழும்போது புழுதி எழும்பியது என்பேன். ஒரு தடவை யார் வீட்டுக் கல்யாணத்திலோ, வில்லனின் தொப்பி தனியாக உருண்டு வந்து இன்ஸ்பெக்டர் காலடியில் நின்றது என்று சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். அண்ணன் முகம் அப்படி மலர்ந்தது. அதற்குப் பிறகு தொப்பி இல்லாமல் அந்தக் கதையை யாரும் சொன்னதில்லை.

போன மாதம் அவன் எங்கள் வீட்டுக்கு ஒரு பென்டிரைவோடு வந்தான். என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறை. அவளுடைய லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்தான். பழைய கேம்கள் தேடுகிறவர்கள் யாரிடமோ கிடைத்ததாம். திரையில் அந்த ஸ்டுடியோ கேட் திறந்தபோது என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“வர ஞாயித்துக்கெழம நம்ம படத்த எடுக்கறோம்,” என்றான். “நான் சொல்றன், நீ செய். இந்தத் தடவ நான் பக்கத்துலயே ஒக்காந்து பாப்பன்.”

அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. மகள் டியூஷன் போனதும் லேப்டாப்பைத் திறந்து, அண்ணனின் படத்தை நான் வர்ணித்த மாதிரியே எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. பாறை விளிம்பு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. புழுதி இல்லை. இவ்வளவு நேரம் திரையைப் பார்க்காதே என்று மகளைத் திட்டுகிற நான், கண் எரிய எரிய ஒரு தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். நாற்பதை நெருங்குகிற ஒரு மனிதனிடம், நீ பெருமைப்படுகிற ஒரே படம் உன்னுடையது இல்லை என்று சொல்வது என்ன நேர்மை? பொய் சொல்லக் கூடாது என்று மகளுக்குச் சொல்லித் தருகிறவள், அவள் கண் முன்னால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொய் சொல்வது மட்டும் சரியா? இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

“இன்ஸ்பெக்டர குதிர மேல போடு.”

போட்டேன். அவன் சொல்லச் சொல்லச் செய்தேன். இந்த முறை உண்மையாகவே செய்தேன். திரையில் பொம்மைகள் தடதடவென்று ஓடின. ஒருவன் கையை நீட்ட, இன்னொருவன் அடி படாமலே விழுந்தான். என் மகள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

“தொப்பி எங்க?”

“வரலையே.”

“உருண்டு வந்துச்சின்னு சொன்ன?”

“மாமா, இதுல தொப்பியெல்லாம் கழலவே கழலாது,” என்றாள் மகள். “தலையோட ஒட்டியிருக்கும். நான் ஒரு வாரமா வெளையாடிக்கினு இருக்கறன்ல.”

“அப்ப வந்தது வேற வெர்ஷனா இருக்கும்,” என்று அண்ணனே சொன்னான். “வுடு. ரிலீஸ் பண்ணு.”

வெளியிட்டேன். ஒன்றரை நட்சத்திரம்.

அண்ணன் திரைக்கு அருகில் குனிந்து மறுபடியும் எண்ணினான். பிறகு என்னைப் பார்த்து, ரொம்பத் தணிவாகக் கேட்டான்.

“நான் சொன்னதுலதான் ஏதோ வுட்டுட்டனா? அன்னிக்கி நீ வேற ஏதாச்சும் செஞ்சியா? யோசிச்சி சொல்லு பாப்பா. நீதான பாத்த.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டது என்று சொன்னால் போதும். அதைக்கூட அவன் நம்பியிருப்பான்.

“அண்ணா,” என்றேன். “அன்னிக்கி நாலர வாங்கனது உன் படம் இல்ல.”

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேரவனுக்குள் போய் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர், பெயரில்லாத துணை நடிகை, அழித்த நான்கு நாள், ‘குத்திட்டேன்’, ‘வுழுந்துட்டான்’. தொப்பியையும் சொன்னேன். அவன் பார்வை திரையிலேயே இருந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப அத்த வந்து கேட்டப்ப…” என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு முழுதாகவே கேட்டான். “நான் வந்து பாத்துடுவன்னுதான் தொட்டேன்னு சொன்னியா?”

“தெரியலண்ணா. தொட்டது நெசம். நெசத்த சொல்லணும்னு சொன்னனா, அது அழிஞ்சி போவட்டும்னு சொன்னனான்னு எனக்கே தெரியல. சத்தியமா தெரியல.”

எழுந்து போனான். செருப்பு மாட்டுகிறான் என்று நினைத்தேன். சமையலறையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா கோவமா?” என்று கிசுகிசுத்தாள். திரும்பி வந்தவன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பதினாறு நாளு வெயில்ல நின்னது யாருடி?”

“நீதான்.”

“தலைல துண்ட போட்டுக்கினு, சாணி நாத்தத்துல, ஈ மொய்க்க, சொவுத்தப் புடிச்சிக்கினு நின்னது யாரு?”

“நீதான்ண்ணா.”

“அத ஊர்ல இருக்கற அத்தினி பேருக்கும் சொல்லிக்கினு திரிஞ்சதும் நான்தான்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “யாருது வேணா இருக்கட்டும். அத நான் இன்னும் பாக்கல. எடு.”

“இப்பவா?”

“எடு சொல்றன்.”

சிவப்புப் பாவாடை இந்த வெர்ஷனில் இல்லை. மகள் குனிந்து, கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினாள். அவளைத் தூக்கினேன். காற்றில் காலை உதைத்துக்கொண்டு வந்தாள். பனியில் போட்டேன். நடந்தாள். தெருவில் போட்டேன். நடந்தாள். என் விரல் வேர்த்து மவுஸ் வழுக்கியது. அண்ணன் அருகில் இருந்தும் ஓர் உத்தரவும் வராமல் நான் அந்த கேமை ஓட்டியது அதுதான் முதல் தடவை. அவன் மூச்சு விடுவது கேட்டது. அடுத்தது கப்பல் மேல்தளம். அவள் ஒரு முனையிலிருந்து கிளம்பி நடந்தாள். பாதி தூரம் வந்ததும், அவனுக்கு அலுத்துவிடுமே என்ற பயத்தில், காட்சியை வெட்டுவதற்குக் கையைக் கொண்டு போனேன்.

“கட் பண்ணாத,” என்றான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ நடக்கட்டும்.”